பவளக்காவின் வொன்டன் அடுப்பும் நான் கொடுத்த சான்றிதழும்

"...அதுவும் என்ர கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டே என்ர அடுப்பை நிப்பாட்டச் சொல்லுறாய். உனக்கு எப்பிடியடா தம்பி மனம் வந்தது?"

பவளக்கா இப்படிக் கேட்டபோது மதியம் பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. கடைக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் இடது கையில் பாதி சாப்பிட்ட வொன்டன் நூடில்ஸ். வலது கையில் 'ஆபத்து, பாவிக்கக்கூடாது' என்ற சிவப்பு லேபிள். இருபத்தாறு வருடம் லண்டனில் கேஸ் என்ஜினியராக ஓடித் திரிந்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றது அந்த ஒரு நாள்தான்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "அண்ணை, கோர்ஸில சொல்லித் தராத விசயம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். ஒன்று இருக்கிறது. அதை நான் படித்த இடம், வெம்பிளிப் பக்கத்துப் பழைய மார்க்கெட் ஒன்றில் ஆறு ஸ்டூல் போட்ட நூடில்ஸ் கடை.

1. முதல் கோப்பை

தகரக் கூரை போட்ட மார்க்கெட் அது. மீன், மரக்கறி, சாறி, போன் கவர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். நடுவில் சாப்பாட்டுக் கடைகள் ஒரு வரிசை. வொன்டன் கடையை நெடுங்காலம் நடத்தியவர்கள் ஒரு மலேசியச் சீனத் தம்பதி. வயதாகி அவர்கள் மகனோடு போய்விட, பவளக்காவும் அவருடைய கணவர் கனகு அண்ணையும் கடையை எடுத்தார்கள்.

இறால் வைத்து மடிக்கிற சீனக் கொழுக்கட்டையான வொன்டன், யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்டேன். இருவரும் அகதியாகப் போய் இறங்கியது ஹொலண்டில். பதினான்கு வருடம் ஒரு சீன ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை. "டச்சுப் பாசை படிக்க முதல் நான் வொன்டன் மடிக்கப் படிச்சிட்டன்" என்பார் பவளக்கா.

கடை கைமாறியபடியால் புதுக் கேஸ் சான்றிதழ் வேண்டும் என்று போன் வந்தது. போனேன். என்னைக் கருவிப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

"முதல் இரு. சாப்பிடு."

"வேலையை முடிச்சிட்டுச் சாப்பிடுறன் அக்கா."

"பசியோட பூட்டுற ஸ்குரூ நேராப் போகாது. இரு எண்டன்."

இருந்தேன். நூடில்ஸை நாற்பது செக்கன் கொதிநீரில் விட்டு எடுத்தார். பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு, திரும்பக் கொதிநீரில் ஒரு முக்கு, பிறகு கம்பி வலையோடு ஓர் உதறல். கறுப்புச் சோயாவும் எண்ணெயும் பிரட்டி, மேலே ஓரம் கருகிய பன்றி இறைச்சித் துண்டும் கீரையும் வைத்தார். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வொன்டன் மிதக்கிற சூப், வினாகிரியில் ஊறிய பச்சை மிளகாய். நூடில்ஸ் பல்லில் பட்டதும் துள்ளியது. வொன்டன் தோல் வாயில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வழுக்கிப் போனது. உள்ளே இறால் மட்டும் முழுசாக நின்று கடிபட்டது.

கனகு அண்ணை கவுன்டரின் கடைசியில், அடுப்போடு ஒட்டிய மூலையில் இருந்து வொன்டன் மடித்துக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம்.

"தம்பி, உந்த அடுப்புக்கு மீட்டர் இருக்கு. உவளின்ர வாய்க்கும் ஒண்டு பூட்டிவிடன்" என்றார்.

"இஞ்சேருங்கோ, உங்கட காதுக்குப் பூட்டினால் அது ஓடவே ஓடாது" என்றார் பவளக்கா.

நான் சிரித்ததில் மிளகாய் மூக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வியாழன் மதியம் எந்த வேலை எங்கே இருந்தாலும் வேன் அந்த மார்க்கெட்டுக்குத்தான் திரும்பும். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் பலருக்கு மச்ச மாமிசம் இல்லை. அதனால் வியாழனன்று கடையில் தமிழ்ச் சத்தம் கூட. நாளைக்கு மரக்கறி என்ற நினைப்பே ஒரு தனிப் பசி.

2. பளபளத்த அடுப்பு

ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தக் கடைக்குச் சான்றிதழ் கொடுப்பது என் வேலையாயிற்று. இரண்டு நாள் முன்பே போன் எடுப்பேன். "அக்கா, செவ்வாய்க்கிழமை காலமை வாறன்." "வா மோனை, வா."

நான் போகும்போது அடுப்பு கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, தட்டுக்குக் கீழே ஒரு கருகல் கிடையாது. பிரஷர் பார்ப்பேன், லீக் பார்ப்பேன். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு வால்வைப் பார்ப்பேன். அது என்னவென்றால், தீயின் சூட்டை அறிய ஒரு செப்புக் கம்பி தீயோடு இருக்கும். சூடு போனால் வால்வு 'டக்' என்று மூடும். ஒவ்வொரு வருடமும் அது 'டக்' என்றது. கையெழுத்து வைத்தேன். பிறகு ஒரு கோப்பை.

மற்ற கடைக்காரர்களிடம், "பவளக்காவின்ர அடுப்பைப் போய்ப் பாருங்கோ, அப்பிடி வைச்சிருக்க வேணும்" என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

3. பன்னிரண்டுக்குள்

அந்த வியாழன் ஹரோவில் ஒரு வேலை தள்ளிப்போனதால் பதினொன்றரைக்கே கடைக்குப் போய்விட்டேன். கடையில் ஒரே பரபரப்பு. மார்க்கெட்டை இடித்துப் புது ஹோல் கட்டுகிறார்கள். எந்தக் கடைக்கு அங்கே இடம் கொடுப்பது என்று பார்க்க மார்க்கெட் மனேஜர் இன்னும் இரண்டு பேரோடு பன்னிரண்டரைக்கு வருகிறார். பவளக்கா புது ஏப்ரன் கட்டியிருந்தார். இடம் கிடைக்காவிட்டால் இந்த வயதில் வேறு எங்கே கடை போடுவது என்பது அவர்கள் இருவருக்கும் பல நாள் கவலை.

முன் ஸ்டூல்கள் நிறைந்திருந்தன. கனகு அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்தினார்கள். நான் அங்கே போய்வந்த பதினொரு வருடத்தில் அடுப்பு ஓடும்போது அதன் கீழ்ப்பக்கம் தெரிகிற இடத்தில் நான் இருந்தது அன்றுதான்.

பாதிக் கோப்பை சாப்பிட்டிருப்பேன். நூடில்ஸ் பானை பொங்கியது. மாத்தண்ணீர் நுரையோடு வழிந்து தீயை அணைத்தது. என் காது 'டக்'குக்காகக் காத்திருந்தது. வரவில்லை. கேஸ் மணம் வந்தது. பவளக்கா கதையை நிறுத்தாமலே லைட்டரை நீட்டினார். 'டுப்' என்று தீ எழும்பியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் குனிந்தேன். பாதுகாப்பு வால்வின் பட்டனை ஒரு முறிந்த சொப்ஸ்டிக் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இரண்டு ரப்பர் பான்ட்.

"அக்கா, இது எப்ப இருந்து?"

"உதோ? மூண்டு வரியம் இருக்கும். பானை பொங்கிற ஒவ்வொருக்காவும் தீ நூந்து போகுது. திரும்பப் பத்த வைக்க அரை நிமிசம் பட்டனை அமத்திக்கொண்டு நிக்கவேணும். என்ர நூடில்ஸுக்கு மொத்தமே நாப்பது செக்கன்தானே?"

"மார்ச்சில நான் பாக்கேக்க இது இல்லையே?"

கனகு அண்ணைக்கு அது நன்றாகக் கேட்டது. "நீ வாற நாளில கழட்டி வைக்கிறனாங்கள்தானே" என்றார், ஏதோ உதவி செய்த குரலில்.

"ஏன் அண்ணை?"

பவளக்காதான் பதில் சொன்னார். "நல்ல கேள்வி கேக்கிறாய். வீட்டுக்கு ஆக்கள் வரேக்க கொடியில காயிற உடுப்பை எடுக்கிறதில்லையே? நீ வாறாய் எண்டு இரவிரவா அடுப்பை மினுக்கிப்போட்டு, உந்தச் சீத்துவக்கேட்டை மட்டும் உன்ர கண்ணில காட்டுறதே?"

என்னை ஏமாற்றுவதற்காக அவர்கள் அதைக் கழற்றவில்லை. விருந்தாளி வருகிறான் என்று கழற்றியிருக்கிறார்கள். நாள் சொல்லிவிட்டுப் போனவன் நான். மூன்று வருடமாக நான் கையெழுத்து வைத்தது விருந்தாளிக்காகத் துடைத்து வைத்த ஓர் அடுப்புக்கு. அவர்கள் சமைத்த அடுப்பை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

சொப்ஸ்டிக்கை இழுத்து எடுத்தேன். தீயை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாத்தண்ணீர் உள்ளே போய் இறுகி வால்வு அசையவே இல்லை. கேஸ் சீறிக்கொண்டே இருந்தது. அடுப்பின் குழாயைக் கையால் திருகி மூடினேன். மாற்று வால்வு வேனில் இல்லை. அடுத்த நாள்தான் எடுக்கலாம்.

"அக்கா, நிப்பாட்டவேணும். இப்பவே."

"ஒரு மணித்தியாலம் தா. மனேஜர் வந்து சாப்பிட்டுப் போகட்டும். பிறகு நீ அடுப்பையே கழட்டிக்கொண்டு போ."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு மணித்தியாலம்தானே, நானே பக்கத்தில் காவல் நிற்கலாமே என்று மனம் கணக்குப் போட்டது. சட்டப்படி, சொந்தக்காரர் சம்மதித்தால் நான் மூடி லேபிள் ஒட்டலாம். மாட்டேன் என்றால் அவசர நம்பருக்குப் போன் எடுக்கவேண்டும். அவர்கள் வந்து கேஸை வெட்டுவார்கள். பதினொரு வருடம் சாப்பாடு போட்ட கைக்கு எதிராகப் போன் எடுப்பதா? கோப்பையை ஒரு கையில் வைத்தபடியே சட்டைப் பையிலிருந்து லேபிளை எடுத்து, நீங்கள் மாட்டேன் என்றால் போன் எடுக்கவேண்டி வரும் என்று அவரிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்க, எனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார்.

4. ஒரு முழத் தூரம்

"அக்கா, அண்ணை இருக்கிற இடத்தைப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கனகு அண்ணை. நாளுக்குப் பத்து மணித்தியாலம் அவர் இருக்கும் இடம் அது. ஒரு வொன்டனை விரலில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. எழும்பி இஞ்சால வாங்கோ" என்றார் பவளக்கா. சுவரோரம் போய் மெயின் வால்வைத் தானே மூடினார். லேபிளை என் கையிலிருந்து பறித்து, அடுப்பின் நெற்றியில், முன்னுக்குத் தெரியும்படி ஒட்டினார். பிறகு வரிசையைப் பார்த்து, "கேஸ் பிழை. இண்டைக்குக் கடை இல்லை. கோவியாதேங்கோ" என்றார். இரண்டு மொழியிலும் சொன்னார்.

மனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். லேபிளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பவளக்காவின் ஆங்கிலம் பாதி டச்சு. ஆனால் அன்று எல்லாம் விளங்கியது. சொப்ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டி, மூன்று வருடமாக இதைத்தான் செய்தேன், பிழை என்னுடையது, இவர் பிடித்துவிட்டார், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். என் சான்றிதழைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து வரவில்லை. நான்தான் குறுக்கிட்டு, பார்க்கத் தவறியதில் என் பங்கும் இருக்கிறது என்றேன். மனேஜர் ஏதோ எழுதிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் புது வால்வு பூட்டினேன். கூடவே பானையை ஒரு சைஸ் பெரிதாக்கச் சொன்னேன், பொங்கினாலும் தீயில் விழாமல் இருக்க. இரண்டு கிழமை கழித்து மனேஜர் தனியே வந்து, வரிசையில் நின்று, காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போனார். புது ஹோலில் அவர்களுக்கு மூலைக் கடை கிடைத்தது. வியாழன்களில் நான் இப்போதும் அங்கேதான்.

நானோ அதற்குப் பிறகு ஒரு கடைக்கும் நேரம் சொல்லிப் போனதில்லை. அந்தக் கிழமை முழுக்க, முன்கூட்டிச் சொல்லாமல், என் பழைய இடங்களுக்கெல்லாம் திரும்பப் போனேன். ஒரு கடையில் பட்டனுக்கு மேல் ஐந்து பென்ஸ் குற்றிக்காசு, ஒரு கோயில் மடப்பள்ளியில் சிரட்டைத் துண்டு. எல்லாரும் நல்ல மனுசர். எல்லாரும் நான் வரும் நாளில் கழற்றி வைத்தவர்கள். ஆகவே பிள்ளைகளே, பானை கொதிக்கும் நேரத்தில் போங்கள். "நீங்கள் எப்பிடிப் பத்த வைக்கிறனீங்கள், ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்று கேளுங்கள். உங்களுக்காகத் துடைத்த அடுப்பைப் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். இந்தப் புத்தி எனக்கு வந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது பவளக்காவுக்கு. எப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்றே அவர் எனக்குக் காட்டியும் தந்தார்.

அன்று மனேஜரும் கூட வந்தவர்களும் மார்க்கெட் வாசலைத் தாண்டும்வரை பவளக்கா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் சேர்ட் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா."

"எங்கையக்கா?"

"உதில கொத்துரொட்டிக் கடை. அவன்ர அடுப்பில கரண்டிக் காம்பு செருகியிருக்கு. என்ர கண்ணால கண்டனான்."

"அப்ப மனேஜர் நிக்கேக்கயே சொல்லியிருக்கலாமே?"

"உனக்கென்ன விசரே? அவனுக்கு முன்னால அயலானைக் காட்டிக் குடுக்கிறதே? அவன் போகட்டும் எண்டுதான் நிண்டனான். கெதியா வா, கழட்டி ஒளிக்க முதல்."

கொத்துரொட்டிக் கடைக்காரர் இரண்டு கையிலும் ரொட்டி கொத்துகிற தகட்டோடு நிமிர்ந்து, "என்னக்கா, கடையைப் பூட்டிப்போட்டு ஊர் சுத்துறியளோ?" என்று சிரித்தார். பவளக்கா கவுன்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். புது ஏப்ரனோடு தரையில் முழங்கால் குத்தி, அவருடைய அடுப்புக்குக் கீழே தலையை விட்டார்.