எதிர்வீட்டு அக்காவின் பத்து மணி போன்

எங்கள் வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பழுப்பேறிய ஒரு போன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமிக்குப் பூ வைத்துவிட்டு அதன் ரிசீவர்மேலும் ஒரு துண்டு முல்லைச்சரம் வைப்பேன். என் மருமகன் ஒருமுறை பார்த்துவிட்டு, "போனுக்குமுங்களா அத்தே பூசை?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்த வழக்கம் என்னுடையதல்ல. எதிர்வீட்டு அக்காவினுடையது.

சூலூர் பக்கம் எங்கள் வீதியில் அப்போது போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். வீதியில் பாதிப்பேர் எங்கள் நம்பரைத்தான் எழுதிக் கொடுப்பார்கள், பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டு. பக்கத்து வீட்டு போன், சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். அக்கா தறி ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் வடக்கே போனால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதமாகும். ஞாயிறு காலை பத்து மணிக்கு, லாரி எந்த ஊரில் நின்றாலும் ஒரு பூத்தைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுவார். "அஞ்சு நிமிசங்கழிச்சுக் கூப்புடுங்க, அக்காளக் கூட்டியாரேன்" என்று நான் சொன்னதும் வைத்துவிட்டு, மறுபடி அடிப்பார். அன்றைக்குத் தறிகள் நிற்பதால் மணிச்சத்தம் வீதிக்கோடி வரை கேட்கும். கொஞ்சநாளில் அக்கா கூப்பிடும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டார். ஒன்பதே முக்காலுக்கே தலைகுளித்து, கையில் பூவோடு வந்து போனுக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வார். முதலில் போனுக்குப் பூ, மிச்சம் எனக்கு. "ஊரு வுட்டு ஊரு அவரு கொரலக் கொண்டாந்து குடுக்குதல்லோ அம்மணி, இதுவும் சாமிதான்" என்பார்.

என் மகள் பன்னிரண்டாவது முடித்த வருசம், என் வீட்டுக்காரர் தம் லேத் பட்டறையில் தெரிந்தவர் மூலமாகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். போனில் இருந்த ஒயரைப் பிடுங்கி ஒரு சின்னப் பெட்டியில் சொருகினால் நெட் வரும். வருவதற்குமுன் அது கீச்சுக்கீச்சென்று கத்தித் தீர்க்கும். முதல்நாள் அதைக் கேட்ட அக்கா, "பூனையக் கீது புடிச்சு உள்ள போட்டுட்டீங்களா அம்மணி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நெட் ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ் என்றுதான் வரும் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

மகளுக்கு மறுநாள் இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்பதை அன்று ஞாயிறு காலை நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா வந்து ரிசீவர்மேல் பூவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒயர் பின்னால் பிடுங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. மகளின் காதோரம் குனிந்து, நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "அம்மா, பாதி வந்துருச்சும்மா. இப்பக் கட் பண்ணுனா மறுக்கா கெடைக்காதும்மா" என்றாள், கண்ணில் தண்ணீரோடு. நான் சாமி அலமாரியைப் பார்த்து, முருகா, பிள்ளைக்கு ஒரு இடம் கொடு, உன் மலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டேன். பத்தரைக்கு அக்கா, "இன்னிக்கு ஏனோ காணமே" என்றார். "வருமுங்க்கா" என்றேன். பதினொன்றுக்கு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. பிறகு லாரிக்காரர்களில் ஒருவர் ஊர் திரும்பி, அக்காவைப் பார்க்க வந்தார். அந்த ஞாயிறு அக்காவின் வீட்டுக்காரர் பூத்தில் நின்று நாலைந்து தடவை அடித்திருக்கிறார். "எங்கேஜு எங்கேஜுன்னுட்டே வந்தாருங்க. மொகமே செரியில்லீங்க. மக்யாநாளு வெடியக்கால எறங்கிப் போனவருதானுங்க" என்றார். மறுநாள் விடியலில் லாரியை விட்டு இறங்கியவர் எங்கே போனார், எதற்குப் போனார், யாருக்கும் தெரியவில்லை. அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தார். "ஏன் அம்மணி, நா இங்கயேதானே உக்காந்திருந்தேன்? யாருமே பேசலியே, எப்புடி எங்கேஜாகும்?" என்று கேட்டார். அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "லைன்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்க்கா" என்றேன்.

மகளுக்கு இடம் கிடைத்தது. வேண்டிக்கொண்டபடி மருதமலைக்கு நடந்தே போனேன். கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான். படியேறும்போது அதுதான் பாரமாக இருந்தது.

அக்கா ஞாயிறு தவறாமல் வந்தார். வீதியில் எல்லோர் கையிலும் செல் வந்த பிறகும் வந்தார், அவர் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது இந்த ஒரு நம்பர்தானே. ஒருநாள் பூவை வைத்துக்கொண்டே, "முன்னெல்லாம் நெட்டு ஓடுச்சுன்னா போனு எங்கேஜாயிருமாமா அம்மணி? தறிப்பட்டறைல ஒரு புள்ள சொல்லுச்சு" என்றார். "ஆமாங்க்கா" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மிச்சப்பூவை எப்போதும்போல என் தலையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். போன தையில் அக்கா காலமானார். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு மாதத்துக்குமுன் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர், "பழைய நம்பரச் சரண்டர் பண்ணிரலாமுங்க. அதுக்கு யாருங்க இன்னும் கூப்புடறாங்க?" என்றார். அதே நம்பர், அதே போன் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். இப்போது ஒரே ஒயரில் நெட்டும் ஓடுகிறது, போனும் வருகிறது. பேரன் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும். எதுவும் அறுபடாது.

போன ஞாயிறு பூ வைத்துவிட்டுத் திரும்பினேன், போன் அடித்தது. மணி பத்து. பூவோடு சேர்த்து ரிசீவரை எடுத்தேன். மறுமுனையில் யாரும் பேசவில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரர்களாக இருக்கலாம், ராங் நம்பராக இருக்கலாம். நான் நினைக்கும் முன்பே என் வாய் பேசிவிட்டது.

"அஞ்சு நிமிசங்கழிச்சுக் கூப்புடுங்க, அக்காளக் கூட்டியாரேன்."

வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் பூ இருந்தது.