எந்த எண்ணெய் என்றுதான் கேட்டேன்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வெயில் காலத்தில், ஆம்பூர் பைபாஸ் ஓரமாகப் பழைய வண்டி விற்கிற கடை ஒன்றில் ஆரம்பித்தது இது. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபம்தான் ஜாஸ்தி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் அவள் விழுந்து விழுந்து சிரிப்பதால் ஏதாவது விட்டுப்போனால் நான் பொறுப்பில்லை.

என் மகள் நர்ஸ். அவளுக்கு வேலை போட்டது ஆலங்காயத்துக்கு மேலே மலை கிராமங்களில். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் குழியும்தான். தலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறுவாள். குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசி மருந்து அந்தப் பெட்டியில்தான் இருக்கும். ஐஸ் கரைந்தால் மருந்து வீண். பாதி நாள் மேலே போய்ச் சேருவதற்குள் பெட்டிக்குள் தண்ணீர் தளும்பும். மருந்தைக் கொட்டிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள்.

அதனால் ஒரு வண்டி வாங்க முடிவு செய்தோம். அந்தக் கடையில் ஒன்று இருந்தது. ஏலகிரி மலையில் ஏறி விளையாடுவதற்காக ஒரு பணக்காரப் பையன் ஆசை ஆசையாக மாற்றிக் கட்டிய மோட்டார் சைக்கிள். டயரில் முதலைத் தோல் மாதிரி பல் பல்லாக இருக்கும். சைலன்சரை மேலே தூக்கிக் கட்டியிருந்தான், கல் இடிக்காது. பார்க்க வெட்டுக்கிளி மாதிரி இருந்தது. என் மகள் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, இனி வேறு வண்டி பேச்சே கிடையாது என்று.

கடைக்காரன் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"ஆம்பளைங்க யாரும் வர்லியா?"

"ஓட்டப் போறது இவதான்" என்றேன்.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். என் மகள் புடவையை இழுத்துச் சொருகினாள், உதைத்து ஸ்டார்ட் பண்ணினாள், ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டாள். என் தம்பியின் வண்டியில் கற்றுக்கொண்டவள். தம்பி வண்டிக்கு வெறும் பெட்ரோல் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவள் சுற்றப் போன நேரத்தில் நான் கடைக்காரனிடம் கேட்டேன். "இதுக்கு இன்னா ஊத்தணும்?"

"பெட்ரோல்தான். கூட எண்ணெய் கலக்கணும்."

"எந்த எண்ணெய்?"

இவ்வளவுதான் நான் கேட்டது. என் கையை ஒரு பார்வை பார்த்தான். நான் அப்போது தோல் ஷாப்பில் வேலை செய்தேன். பதம் போட்டு வந்த தோலை மேசையில் விரித்து, அது மெத்தென்று ஆவதற்கு மீன் எண்ணெய் தடவுகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாசனை போகாது.

"இன்னா ஆயா, தோல் ஷாப்புல வேலை செஞ்சிக்கினு என்னாண்ட கேக்கற? தோலுக்குத் தடவறியே, அதையே இதுக்கும் ஊத்து. வண்டி வழவழன்னு ஓடும்."

பெஞ்சு மறுபடி சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என்னை ஆயா என்றானே, அதற்குத்தான் இவர்கள் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பேரப்பிள்ளையே கிடையாது! ஆனால் எண்ணெய் விஷயத்தை அப்படியே நம்பினேன். ஏன் நம்பக் கூடாது? எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் அதுதான். விறைத்துக்கொண்டு கிடக்கிற தோலையே வழிக்குக் கொண்டு வருகிறது, இரும்பு எம்மாத்திரம்?

கடைக்காரன் ஊற்றிக் கொடுத்த பெட்ரோலில் வண்டி சில நாள் ஜோராக ஓடியது. மகள் மலைக்குப் போய் வீடு வீடாகப் பேசினாள். ஊசி போட்டால் ஜுரம் வரும், பிள்ளை செத்துவிடும் என்று பயந்தவர்கள் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வருகிற புதன்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் கோயில் மரத்தடிக்குக் கொண்டு வருகிறோம், நீ மட்டும் ஏமாற்றாமல் வா என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவள் போகாவிட்டால் அதோடு போச்சு. இன்னொரு தடவை யாரும் நம்ப மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் தீர்ந்திருந்தது. அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். பெட்ரோல் போட்டவர், "ஆயில் வேணுமாம்மா?" என்று கேட்டார். "வூட்ல இருக்குது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். கதவுக் கீலுக்குப் போட வைத்திருந்த மீன் எண்ணெயைக் கேனில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, டேங்க்கை நிரப்பினேன். மகளுக்குச் செய்வதில் கஞ்சத்தனம் எதற்கு? கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். தம்பி வண்டியில் பழகிய மகளுக்கு எண்ணெய் கலக்கிற சங்கதியே தெரியாது, அதனால் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான் உட்கார்ந்தேன். ஆலங்காயம் தாண்டும்போது மகள் சொன்னாள், "யம்மா, யாரோ மீன் வறுக்கறாங்க."

"மீனா? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

என் மூக்குக்கு அது பழகிப்போன வாசனை, எப்படித் தெரியும்? நாய்களுக்குத் தெரிந்தது. ஒன்று துரத்தியது, அப்புறம் மூன்று, அப்புறம் ஒரு கூட்டமே. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேடு ஏற ஏற வெள்ளைப் புகை. திரும்பிப் பார்த்தால் வந்த ரோடே தெரியவில்லை. பாதி மலையில் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

உதைத்தாள், உதைத்தாள், கால் வீங்கும்வரை உதைத்தாள். நான் புடவை முந்தானையை மடித்து ஐஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றேன். உள்ளே ஐஸ் கரைகிற சத்தம் கேட்பது மாதிரியே இருந்தது. "இன்னிக்குப் போவலன்னா அவ்ளோதாம்மா" என்றாள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு மொபெட் வந்தது. மலை ஊர்களுக்கு வளையல், பொட்டு, ரிப்பன் கொண்டுபோய் விற்கிற ஒரு பாய். இறங்கினார், மோந்து பார்த்தார், டேங்க் மூடியைத் திறந்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே, உடனே தெரிந்துவிட்டது.

"பெரிம்மா, இது தோலுக்குப் போடற மீன் எண்ணெய் ஆச்சே!"

"ஆமா பாய். கடைக்காரன்தான் ஊத்தச் சொன்னான்."

அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "வண்டி எங்கயும் ஓடாது, அப்புறம் பாக்கலாம். முதல்ல மருந்து போவட்டும்" என்று வளையல் மூட்டையை முன்னால் தள்ளி வைத்தார். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெட்டியோடு போய்விட்டார்.

நான் தனியாக ஒரு பாறை மேல் உட்கார்ந்து அந்தக் கடைக்காரனைத் திட்டினேன். தமிழில் தெரிந்ததெல்லாம் தீர்ந்து, அக்கம்பக்கத்தில் கேட்ட உருதுவிலும் திட்டினேன். ஒரு பூனை எங்கிருந்தோ வந்து சைலன்சரைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு உயிர் வந்தது. ஐஸ் தாங்கியிருந்தது, ஒரு பிள்ளை விடாமல் ஊசி போட்டாயிற்று. பாய்க்கும் நஷ்டமில்லை. பெண்கள் கூடியிருந்த இடத்தில் வளையல் நன்றாக விற்றதாம்.

பிறகு அவர் டேங்க்கைக் கவிழ்த்துக் கேனில் வடித்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். தன் மொபெட்டிலிருந்து பெட்ரோல் எடுத்து ஊற்றினார். மொபெட்டில் இருப்பது ஏற்கெனவே ஆயில் கலந்ததாம். பையிலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதான் பெரிம்மா டூ-டி ஆயில். பங்குலயே கெடைக்கும். மோந்து பாத்து வெச்சுக்கோங்க" என்று, இவ்வளவு பெட்ரோலுக்கு இவ்வளவு என்று பாட்டில் மூடியால் அளந்து காட்டினார். வண்டி கிளம்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார், பாவம், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

மறுநாள் அந்தக் கேனோடு பைபாஸ் கடைக்குப் போனேன். அதே பெஞ்சு, அதே ஆட்கள். கேன் மூடியைத் திறந்து கடைக்காரன் மேசை மேல் வைத்தேன்.

"அய்யே, இன்னா ஆயா இது?"

"நீ ஊத்தச் சொன்ன எண்ணெய்."

"தமாஷுக்குச் சொன்னேன் ஆயா, போய் நெஜமாவே ஊத்துவியா?"

"தமாஷா? மலை மேல அத்தினி கொழந்தைங்க காத்துக்கினு இருந்துச்சே, அதுங்களாண்ட போய்ச் சொல்லு உன் தமாஷ. நான் கேட்டது இன்னா? எந்த எண்ணெய்? இப்ப சொல்லு."

"டூ-டி ஆயில்" என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தியா, எவ்ளோ சின்ன பதில்! அன்னிக்கே சொல்லியிருந்தா உன் வாய் வலிச்சிருக்குமா?"

பெஞ்சு இந்தத் தடவை சிரிக்கவில்லை. கேனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், நாறட்டும் என்று.

அந்த வாசனை சைலன்சரை விட்டுப் போகவே இல்லை. வண்டி மேடு ஏறும்போதே மலை நாய்கள் குரைக்குமாம், "மீன் வண்டி நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவார்களாம். என் பேத்தி இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். இவள் அம்மாதான் அந்த மீன் வண்டி நர்ஸ்.

சிரிக்கட்டும், நானும் சிரிக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நீங்கள் எல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்கள். என்னைப் போன்றவளுக்கு அடுத்தவர் வாய்தான் புத்தகம், அதில் தமாஷுக்குப் பொய்யை எழுதி வைத்தால் நான் எதைப் பார்த்துப் படிப்பேன்?