பன்னிரண்டு சொற்களும் நான் எழுதாத காரணமும்

சின்னம்மாவின் கைப்பேசியில் இணையப் பணம் வைக்கும் அந்த வொலட் செயலியைப் போட்டுக் கொடுத்தது நான்தான். கட்டாரில் வேலை செய்யும் அவரது மகன், ரூபாய் மதிப்பிழந்துவிடும் என்று பயந்து, டொலருக்கு ஈடான கிரிப்டோ நாணயமாக அனுப்பத் தொடங்கியிருந்தான். எல்லாம் வீட்டுக் கூரைக்கு. சுவர்கள் எழும்பி இரண்டு மாரிகாலம் கடந்திருந்தது.

நான் மன்னார் நகரில் கணினி படிப்பிக்கிறேன். எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். சின்னம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, செயலி தரும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களும்தான் திறப்பு. அவை தெரிந்த எவரும் எந்தக் கைப்பேசியிலிருந்தும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இரண்டு, அவற்றைக் கடதாசியில் மட்டும் எழுத வேண்டும். மூன்று, படம் எடுக்கக் கூடாது. நான்கு, கேட்கிற இடத்திலெல்லாம் அவற்றைத் தட்டக் கூடாது.

சின்னம்மா சொற்களுக்கு அர்த்தம் கேட்டார். வெங்காயம், தேசிக்காய், ஏணி என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"என்ன பிள்ளை இது? சந்தைக்குப் போற சாமான் துண்டு மாதிரிக் கிடக்கு."

"பிறப்புச் சான்றிதழ் மாதிரிப் பத்திரமா வையுங்கோ, சின்னம்மா."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் பிறக்குமுன், போர்க்காலத்தில், எங்கள் குடும்பம் படகில் இந்தியாவுக்குப் போனபோது கடதாசிகள் கடல்நீரில் ஊறிப்போயின. அங்கே அகதி முகாமிலிருந்து திரும்பியபின் நாங்கள் யாரென்று காட்டவே அரச கந்தோர் கந்தோராக அலைய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் பத்திரம் என்றால் மூன்று கொப்பி, மூன்றும் லெமினேட். ஒன்று அலுமாரியில், ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும் பையில், ஒன்று கூடப்பிறந்தவளின் வீட்டில். சின்னம்மா அந்தத் துண்டையும் அரிப்புச் சந்தியில் போட்டோக் கொப்பி அடிக்கும் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். மூன்றாவது கொப்பி எங்கள் அம்மாவின் அலுமாரிக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நன்றாக ஏசினேன்.

ஏசிய என்னுடைய கைப்பேசியில் அதே துண்டின் படம் இருந்தது. சின்னம்மா தொலைத்துவிடுவார் என்று எடுத்து வைத்திருந்தேன்.

கூரைச் சீற்றுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் நான் வகுப்பில் நிற்கும்போது சின்னம்மா கைப்பேசியில் அழைத்தார். செயலி திறக்கவில்லை என்றார். நான் இடைவேளையில் அதன் உதவிப் பக்கத்தைத் தேடினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். அதே நிறம், அதே சின்னம். பன்னிரண்டு சொற்களையும் கேட்டது. படத்தைப் பார்த்துத் தட்டினேன். மாணவர்கள் திரும்பி வரத் தொடங்கியிருந்ததால் பக்கத்தின் இணைய முகவரியைப் பார்க்கவில்லை. 'அப்படிப் பார்க்காமல் விடாதீர்கள்' என்பது நான் நடத்தும் மூன்றாம் பாடம்.

பின்னேரம் சின்னம்மா வீட்டில் செயலியை அழித்து மறுபடி போட்டபோது அது திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் வெளியே போன நேரமும் பதிவாகியிருந்தது: நான் தட்டிய சற்று நேரத்தில்.

"கொப்பி அடிச்சதுதான் பிழை, என்ன?" என்றார் சின்னம்மா. "நீ அப்பவே ஏசினனீ."

"அப்படியும் இருக்கலாம்," என்றேன்.

"என்னென்ன விதமாப் போயிருக்கலாம் எண்டு ஒருக்கா எழுதித் தா. மகனுக்குச் சொல்ல வேணும்."

எழுதினேன். ஒன்று, கொப்பி அடித்த கடை. இரண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கும் பை. மூன்று, முன்பொருமுறை கைப்பேசியைக் கடையில் திருத்தக் கொடுத்தது. என் எழுத்து வழக்கம்போல நேராக இருந்தது. நான்காவது இலக்கத்தை நான் போடவில்லை.

"விடியக் கடைக்குப் போய்க் கேக்கிறன்," என்றார். நான் பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

காலையில் அம்மா சொல்லித்தான், சின்னம்மா உண்மையிலேயே போய்விட்டார் என்று தெரிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். சின்னம்மா என் பட்டியலைக் கடைக்காரியின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"படிச்ச பிள்ளை எழுதித் தந்தது. முதலாவது உன்ர கடை."

"அக்கா, உங்கட குடும்ப அட்டையை எத்தினை தரம் அடிச்சுத் தந்தனான்? ஒருநாள் ஒரு துண்டு குறைஞ்சதோ? எனக்கு அந்த இங்கிலீசு வாசிக்கவே தெரியாது!" என்றாள் கடைக்காரி.

மீன் பெட்டியோடு நின்ற ஒருவர் துண்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சின்னம்மாவே சொன்னார்.

"வெங்காயத்தையும் தேசிக்காயையும் நம்பி ஆரப்பா கூரை போடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரி சிரிக்கவில்லை.

"அவ இல்லை, சின்னம்மா," என்றேன். "நான்தான். என்ர போனில படம் எடுத்து வச்சிருந்தனான். பொய்யான பக்கத்தில போய் நானே தட்டிக் குடுத்தனான்."

சின்னம்மா பட்டியலை மடித்தார். முதலில் கடைக்காரியிடம் திரும்பி, "மன்னிச்சுக்கொள் தங்கச்சி," என்றார். பிறகு என்னிடம், மெதுவாக:

"காசு போனது போகட்டும். இவளிட்டச் சண்டைக்கு வாறன் எண்டு நேற்றுச் சொன்னனான் எல்லோ? ஏன் என்னை வர விட்டனீ?"



போன பணத்தை என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன் என்றபோது சின்னம்மா வேண்டாமென்று சொல்லவில்லை, மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். மகன் இப்போது வங்கிக்கே அனுப்புகிறான். அதற்கான படிவங்களை நிரப்ப சின்னம்மா என்னைக் கூப்பிடுவதில்லை. போன கிழமை பஸ்ஸிலிருந்து பார்த்தேன்: சந்திக் கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரி வங்கியின் தமிழ்ப் படிவத்தை ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள்.