கிள்ளான் மருத்துவமனைக்கு 7.40 ரயில், ஞாயிற்றுக்கிழமை ஒரு சாட்சி

நண்டு சாப்பிடக் கிள்ளான் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு மருத்துவம் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் போனோம். அவள் வேலை கிள்ளானில் என்பதால் வைத்தியமும் அங்கேதான். மார்பில் இருந்த கட்டிக்கு அன்றுதான் பயாப்சி முடிவு.

எங்கள் போதகர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். புதன் ஜெபக் கூட்டத்திலேயே "கட்டி கரைஞ்சு போச்சு, விசுவாசிங்க" என்று அறிவித்துவிட்டார். சுகம் கிடைத்ததைச் சபைமுன் சொல்ல, ஞாயிறு ஆராதனைக்கு 'சாட்சி: சகோதரி ஸ்டெல்லா' என்று வாட்ஸ்அப்பிலும் போட்டாயிற்று. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை. எனக்குக் கோபம். ஸ்டெல்லாவுக்கு வேறு பயம். "கேன்சர்னு வந்துட்டா, என் விசுவாசம் பத்தலன்னு சொல்லுவாங்கங்க" என்றாள்.

கேஎல் சென்ட்ரலில் காலை 7.40 ரயில். ஆளுக்கு 4 வெள்ளி 70 சென். பதற்றத்தில் நான் நடுப்பெட்டியில் ஏறிவிட்டேன். "ஏங்க, இது லேடீஸ் கோச்லா!" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். சுபாங் ஜெயா தாண்டும்வரை அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

8.45க்குக் கிள்ளான். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு கிராப் கார், எட்டு வெள்ளி. வழியெல்லாம் ஜாம்.

"யாருக்கு முடியலண்ணே?" என்று ஓட்டுநர் என்னைக் கேட்டார்.

"எனக்குத்தான் அங்கிள்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் வானொலியை நிறுத்தினார். இறங்கும்போது, "முருகன்கிட்ட சொல்றேன்மா" என்றார்.

மருத்துவமனையில் எங்கள் எண்ணைக் கூப்பிடும்போது மணி 11.20. டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சை, பிறகு கீமோ என்றார். மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும், "பாஸ்டருக்கு போன் போட்டுப் பேர எடுக்கச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம். சாட்சின்னா கண்டதச் சொல்றதுதானே? நான் கண்டதச் சொல்றேன்."

ஞாயிறு அவள் மைக்கைப் பிடித்தாள். "எனக்கு கேன்சர்தான். பயமா இருக்கு. அழுதுகிட்டேதான் ஜெபம் பண்றேன். ஆனா ஆண்டவர் என்னை விட்டுட்டதா எனக்குத் தோணல. அவ்வளவுதான் என் சாட்சி."

சாட்சி முடிந்தால் சபையே அல்லேலூயா சொல்லும். அன்று ஒரு சத்தமும் இல்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது மூன்றாவது வரிசையில் ரெஜினா ஆன்டி எழுந்தார். சபைக்கு இருபது வருடமாகச் சமைத்துப் போடுகிறவர்.

"எனக்கும் கட்டி இருக்கு ஸ்டெல்லா. ஆறு மாசமா. ஜெபத்துலயே சுகமானதும் சாட்சி சொல்லலாம்னு டாக்டர்கிட்டகூடப் போகல."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒன்பது மணிக்குள் எண் எடுத்துவிடுங்கள்; அதற்கு 7.40க்கு முந்திய ரயில்தான் சரி. காத்திருக்கும் இடத்தில் குளிர் அதிகம், ஸ்வெட்டர் வேண்டும். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னொருவர் கூட வரட்டும், ஆனால் என்னைப் போல உறைந்துபோகிறவர் வேண்டாம். ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஜெபித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

ரெஜினா ஆன்டிக்கு டாக்டரைப் பார்க்க வரும் வியாழக்கிழமை நாள் கிடைத்திருக்கிறது. ஸ்டெல்லா கூடப் போகிறாள். அந்த ஆறு மாதத்தை நினைத்தால்தான் எங்கள் இருவருக்கும் தூக்கம் வரவில்லை.