சட்டப்படி ஒன்பது டன்

சவூதியில், தம்மாமில் ஏழு வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, சேர்த்ததையெல்லாம் ஒரு பழைய லாரியில் போட்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஏற்றிக் கும்பகோணத்து ஆலையில் இறக்குவது தொழில். லாரி ஓடினால் ஊரில் இருக்கலாம், ஓடாவிட்டால் மறுபடி விமானம். "இன்னொரு தடவை ஏர்போர்ட்டுன்னு சொன்னீங்க, பாஸ்போர்ட்டை அடுப்புல போட்டுடுவேன் மச்சான்" என்று மனைவி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

பாலைவனத்தில் எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் ஒன்றுதான்: எடை பார்ப்பது. அங்கே முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக நிறுப்பார்கள். கூடினதை மணலில் இறக்கிவிட்டு அதற்கு நாமே காவல் நிற்க வேண்டும். அந்தப் பயத்தோடு வந்த நான், என் வண்டிக்குச் சட்டப்படி ஒன்பது டன்தான் என்றேன். மற்ற லாரிகள் பதினாலு டன்னைச் சுமந்துகொண்டு முனகிப் போகிற ரோட்டில் இப்படி ஒருத்தன் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சுமை தூக்குகிறவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், மூட்டை குறைந்தால் கோபம் வராதா? "இதை முன்னால தள்ளி அடுக்குங்க, பின் அச்சு தாங்காது" என்றால், "மூட்டைக்கு ஜாதகம் பாக்குறீங்களா பாய்?" என்பார்கள். ஆலையின் எடைமேடைக்காரரிடம் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்துக் காட்டச் சொன்னேன். "தலை தனி, தொடை தனின்னு நிறுக்க இது என்ன கறிக்கடையா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் சோதனைக்கு நின்ற அதிகாரி என் எடைச்சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"எல்லா வண்டியும் கூட ஏத்திட்டுப் போகுது. ஒங்க வண்டி மட்டும் கரெக்டா இருக்கு. உள்ள என்ன பாய் வெச்சிருக்கீங்க?"

"நெல்லுங்க."

"நெல்லுக்கா இவ்வளவு ஒழுங்கு?"

அவ்வளவு மூட்டையையும் ரோட்டோரம் இறக்கச் சொன்னார். ஆள் பிடித்து இறக்கினேன். அவருடைய ஆட்கள் ஊசி வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். நெல்தான் வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லாரிக்கு அளவெடுத்த தார்ப்பாய், பரவிக் கிடந்த மூட்டைகளில் பாதிக்குத்தான் எட்டியது. யா அல்லா! மழை நின்றதும் மறுபடி ஏற்றினேன். இறக்கி ஏற்றினால் மறுபடி எடை போட வேண்டுமாம், அது ரூலாம். பக்கத்து எடைமேடையில் போட்டோம். முந்நூறு கிலோ கூட.

"அதிக பாரம்" என்று எழுதி அபராதச் சீட்டைக் கிழித்தார்.

"சார், அது மழைத்தண்ணி சார்!"

"மழைத்தண்ணிக்குப் பெர்மிட் வெச்சிருக்கீங்களா?"

ஆலைக்காரர் ஈர நெல்லை எடுக்க மாட்டேன் என்றார். மற்றவர்கள் மாதிரி ஏற்றுவதானால் வாருங்கள், இல்லையென்றால் இனி வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒன்னு பாரம் கூட ஏத்தணும், இல்ல தம்மாம்" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஊரோட ஒத்துப் போங்க மச்சான். ஏத்துங்க."

அடுத்த வாரம் பதினாலு டன் ஏற்றினேன். அதே இடத்தில் அதே அதிகாரி. தூரத்திலேயே கையைக் காட்டிப் போகச் சொன்னார். "இப்பத்தான் பாய் வண்டி வண்டி மாதிரி இருக்கு!" என்று சிரிப்பு வேறு. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

நாலு மைல் தள்ளி வாய்க்கால் பாலத்தில், உரமூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் கரையில் குதித்தார். வண்டி சைக்கிள் விழுந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. சக்கரத்தின் அடியில் யூரியா வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. சேற்றிலிருந்து எழுந்து வந்து கதவைத் தட்டினார். "என்னத்தடா ஏத்திருக்கே? எவ்வளவுடா ஏத்திருக்கே?" என்று கத்தினார்.

வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள்.

"வழியில யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா மச்சான்?"

"யாரும் ஒன்னும் கேக்கலை" என்றேன். அப்படிச் சந்தோஷப்பட்டு அவளை நான் பார்த்ததே இல்லை.