கயிறு பிடித்த கை

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. எழுபதுகளில், மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை தூத்துக்குடிக்கு வந்துபோன மனநல டாக்டரின் வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிறு, உப்பில் வெடித்த உள்ளங்கைகள். கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களுக்குத் தோணியில் நின்று கயிறு பிடிப்பவர். அவர் மகளுக்கும் என் மகளுக்கும் எட்டு வயது. பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே இரண்டு பேருக்கும் உடம்பு நடுங்கும்.

மகள் உள்ளே போனதும் வலது கையை இறுக மூடிக்கொள்வார். அவள் வெளியே வரும்வரை திறக்க மாட்டார்.

ஒருநாள் உள்ளே அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. எனக்கே பொறுக்கவில்லை.

"புள்ள அழுவுதாளே அண்ணாச்சி, போய்த் தூக்கிட்டு வந்திரக் கூடாதா?"

"கூப்பிடாம வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார். கடல்லயும் அப்படித்தான். கீழ போனவன் கயித்த அசைக்கணும், அப்பந்தான் நான் தூக்கணும். எனக்குப் பயமா இருக்குன்னு தூக்கிட்டா, அவன் வெறுங்கையோடல்லா வருவான்."

அழுகை மெல்ல நின்றது. அவளே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவர் கையை விரித்து அவள் தலையில் வைத்தார். உள்ளங்கையில் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

அடுத்து என் மகளின் முறை. அவள் அழ ஆரம்பித்ததுமே உள்ளே பாய்ந்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு அங்கே போகவில்லை. நல்ல தகப்பன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு ஐம்பது வயது. யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குள் போய்விடுகிறாள். நான்தான் எழுந்து போய்த் திறக்கிறேன். எனக்கு எண்பது ஆகிறது.