ஓசெல்லா டிப்ஸின் இடது கை

1921 மார்ச் 3: பிறப்பு, லேக் டெல்லா, ஆர்கன்சா.
1930 அக்டோபர்: சபைக்குப் பழைய பியானோ, பதினெட்டு டாலர்.
1944 ஜனவரி 2: ஓசெல்லா சபையின் பியானோக்காரர் ஆனார்.
1985 மே 14: ஒருநாள் படப்பிடிப்பு, எழுபத்தைந்து டாலர்.
1985 ஜூன் 9: பியானோவிலிருந்து விலக்கம், ஓராண்டு.
1986 மார்ச் 8: மரணம்.

எங்கள் சபையின் பதிவேட்டை முப்பத்தெட்டு வருடங்களாக நான் எழுதி வருகிறேன். மேலே உள்ளவை அதில் இருப்பவை. அதில் எழுத இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

ராக் அண்ட் ரோல் என்று பெயர் வருவதற்கு முன்பே அதை வாசித்தவன் கிளியோட்டிஸ் வார்னடோ. எங்கள் ஊர்க்காரன். பதினெட்டு வயதில் சபையை விட்டு நடன விடுதிகளுக்கு வாசிக்கப் போனான். 1959இல் கார் விபத்தில் இறந்தான். அவன் வாழ்க்கையைப் படமாக்க ஒரு குழு ஊருக்கு வந்தது. அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது எங்கள் சபைப் பெண்கள். வறுத்த கெளுத்தி மீனோடு ஓசெல்லாவும் போனார். தட்டுகளை ஏற்றிச் சென்ற வண்டி என்னுடையது.

நடிகருக்குப் பியானோ தெரியாது. நகரத்திலிருந்து வந்த ஒருவர் அவருக்காக வாசித்துக்கொண்டிருந்தார். ஓசெல்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு இயக்குநரிடம் போனார்.

"தம்பி, அவர் இடது கை ஓடுது. கிளியோட்டிஸ் இடது கை ஓடாது. பின்னாலயே இழுத்து இழுத்து வரும்."

"அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சிலதான் கத்துக்கிட்டோம். அவன் இடுப்பால என்னை இடிச்சே பாதி பெஞ்சைப் பிடுங்கிடுவான்."

இயக்குநர் அவரை வாசிக்கச் சொன்னார். நான் அருகில் போனேன். "சிஸ்டர், வேண்டாம். பாஸ்டர் காதுக்குப் போனா உங்களைப் பின் வரிசையில உக்கார வெச்சிடுவாரு." நடனப் பாட்டைத் தொட்ட கை தேவனுடைய பாட்டைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபை விதி. அவருக்கோ அந்தப் பியானோவைத் தவிர வேறெதுவும் இல்லை. கணவரும் போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை.

"தெரியும் பிரதர். ஆனா செத்தவன் எழுந்து வந்து, இது என் கை இல்லன்னு சொல்லவா போறான்?"

சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினார்கள். நடிகரின் கோட்டை மாட்டி, கைச் சுருக்கங்களின் மேல் ஏதோ பூசினார்கள். கேமரா கைகளை மட்டும் பார்த்தது. நான்கு நிமிடம் பத்து வினாடி வாசித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன், ஆனாலும் அந்த நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பலிபீடத்தின் முன் எங்களை அழவைத்த அதே இடது கை. ஒரு மாற்றமும் இல்லை. முடிந்தபோது நடிகர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 9, ஞாயிறு. பாஸ்டர் லெமுவேல் சபைக்கு முன் கேட்டார்: "சிஸ்டர், சாராயக்கடைப் பாட்டை வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் பாஸ்டர்."

"அதுக்காக வருத்தப்படுறீங்களா?"

"நடுவுல ஒரு சுரம் தப்பிடுச்சு. அதுக்கு வருத்தப்படுறேன்."

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். ஓராண்டு தண்டனை எழுதப்பட்டது; பிஷப்பும் அதை உறுதிசெய்தார்.

இரண்டு ஞாயிறுகள் பியானோ இல்லாமல் பாடினோம். பாட்டு ஆளுக்கொரு பக்கம் போனது. மூன்றாவது ஞாயிறு, முன் வரிசையில் இருந்த என் உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. பைன் பலகைத் தரை. பின் வரிசையில், கைகளை மடியில் கட்டிக்கொண்டு, ஓசெல்லா குதிகாலால் தட்டிக்கொண்டிருந்தார். சற்றே பிந்தி, இழுத்து. நூற்றுப் பதினான்கு பேர் ஒரே தொண்டையாகப் பாடினார்கள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து பாஸ்டர் என்னிடம் வந்தார். "பிரதர், தீர்மானத்துல என்ன எழுதியிருக்கு?"

"பியானோவைத் தொடக்கூடாதுன்னு."

"காலைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல பாஸ்டர்."

"அப்போ நோட்டை மூடி வைங்க."

1986 பிப்ரவரி 7 அன்று படம் எங்கள் தியேட்டருக்கு வந்தது. சபையார் சினிமாவுக்குப் போவதில்லை. அன்று இருட்டில் பதினோரு பேரை எண்ணினேன். கடைசி வரிசையில் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தவர் பாஸ்டர். திரை முழுக்க அந்தக் கைகள் வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார்.

ஓசெல்லா போகவில்லை. மறுநாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இடது கை பின்னால வந்துச்சா?"

"வந்துச்சு சிஸ்டர்."

"அப்போ சரி."

அன்றே பாஸ்டர் தண்டனையை நீக்கும்படி பிஷப்புக்கு எழுதினார். ஓராண்டு முடியட்டும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், இம்முறை சபையார் நூற்றுப் பதினான்கு பேரும் கையெழுத்திட்டோம். கடைசியாக வந்த கடிதத்தில் ஒரே வரி: ஓசெல்லா டிப்ஸ் வரும் ஞாயிறு பியானோவில் அமரலாம். அது வந்து சேர்ந்தது 1986 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, அவரை அடக்கம் செய்த மறுநாள்.